மிதி

கேம்ஷாஃப்ட் மாற்றும்போதே
புதுப்பேட்டை தஸ்தகீர் சொன்னார்:
"வண்டி பறக்கும் மேடம்.
மூச்சு மட்டும் சீரா இருக்காது."

மூலக்கடை சிக்னலில் புரிந்தது.
முதல் மிதிக்கு நின்றது எஸ்டீம்.
அரையடி உருண்டதும் மறுபடி மிதித்தேன்.
கருங்கல்.
முன்னால் தண்ணி லாரி,
அதன் வாலில் ஒழுகும் குழாய்
என் பானெட்டை நனைக்கும் தூரம்.

திறந்து காட்டினார்.
கறுப்புத் தகரச் சட்டி,
மூடி பிதுங்கிய இட்லிப் பானை மாதிரி.
உள்ளே என்ன இருக்கு?
"ஒண்ணுமில்ல.
அந்த ஒண்ணுமில்லாததுதான்
இத்தனை நாளா உங்க காலோட சேர்ந்து தள்ளுச்சு.
எஞ்சின் காத்தை உறிஞ்சி உறிஞ்சி
வெறுமையா வச்சிருக்கும் இதை.
இப்போ அதுக்கு உறிஞ்சத் தெம்பில்ல.
தூக்கிடலாமா?"
தூக்கிடுங்க.
"தொடையில பலம் இருக்கா?"

யாரைப் பார்த்து.
பதினோரு வருடமாகக் கொளத்தூரில் டிரைவிங் ஸ்கூல்.
இடப்பக்கம் உட்கார்ந்து
ஊரார் அவசரத்தையெல்லாம்
என் காலடி இரண்டாவது பிரேக்கில்
நிறுத்திக்கொண்டிருப்பவள்.
பள்ளிக்கூட ஆட்டோ, பால் வண்டி,
ரெட்டேரி முனையில் திரும்ப மனமில்லாத மாடு.
தாங்களே நிறுத்தியதாக நினைத்துக்கொண்டு
லைசென்ஸ் வாங்கிப் போகிறார்கள்.

சட்டி இருந்த இடத்தில் ஒரு தகடு.
அதில் விட்டம் குறைந்த மாஸ்டர் சிலிண்டர்.
புதுப்பேட்டையில் நான் பெட்டி பிரிக்காமல் வாங்கிய
ஒரே பொருள்.
பெடல் தண்டில் பழைய துளைக்கு மேலே
இரண்டு விரற்கடை தள்ளிப் புதுத் துளை.
சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டார்:
கால் கூட நடக்கும், பளு குறையும்.
எஞ்சின் உறிஞ்சிய வாய்க்கு ஒரு ரப்பர் மூடி, ஒரு கிளிப்.
இன்ஷூரன்ஸ்காரருக்குத் தெரியாது.
தெரிய வேண்டாம்.

காற்றை வெளியேற்றக்
காருக்கடியில் பங்கஜ். ஊர் சிவான்.
நாலு மாதத்தில் சேர்த்த தமிழ்
மூன்று சொல்:
அமுக்கு. பிடி. விடு.
கண்ணாடிக் குழாயில் குமிழிகள் நகர்ந்தன.
அமுக்கு. பிடி.
அப்போது அவனுக்கு வீட்டிலிருந்து போன்.
விடு சொல்ல மறந்துபோனான்.
நான் பிடித்துக்கொண்டே இருந்தேன்,
கெண்டைக்கால் நடுங்க,
அவன் போஜ்புரியில் சிரித்து முடிக்கும் வரை.

ஞாயிறு, இருள் பிரியாத வெளிவட்டச் சாலை,
மீஞ்சூர் பக்கம்.
முதல் நிறுத்தம்
நினைத்த கோட்டைத் தாண்டி ஒரு கார் நீளம்.
படுத்திருந்த நாய் எழுந்து ஒதுங்கிப் படுத்தது.
இரண்டாவதில் முதுகு சீட்டுக்குள் அழுந்தியது.
மூன்றாவதோ நான்காவதோ,
பேட் டிஸ்க்கைத் தொடுவது
உள்ளங்காலில் கேட்டது.
கேட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.
சக்கரத்தடியில் மணல் இருந்ததும் கேட்டது.

மாதவரம் வரைதான் என்று சாவி வாங்கிப் போன
கொழுந்தன் இளவழகன்
பத்து நிமிடத்தில் வேர்த்துத் திரும்பினான்.
"அண்ணி, பிரேக் பிடிக்கல."
அது பிடிக்காதுடா.
நீதான் பிடிக்கணும்.

சட்டி கட்டிலுக்கடியில் கிடக்கிறது.
பெருக்கும்போது தண்டை அமுக்கிப் பார்ப்பேன்.
புஸ்ஸென்று ஒரு மூச்சு விடும்.
பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை,
காரணமும் தெரியவில்லை.

திங்கள் காலை ஆறரை.
பெரம்பூர் வங்கி மேலாளருக்கு நான்காவது பாடம்.
ஸ்கூல் வண்டியின் பிரேக் வெண்ணெய்.
மார்க்கெட் திருப்பத்தில் ஒரு தள்ளுவண்டி,
வண்டி நிற்கிறது.
அவர் மிதித்தாரா
நான் மிதித்தேனா
என் கால் சொல்லவில்லை.